முன்கை எழுப்பிய அலை

பியானோவை விரல்களால் வாசிப்பதே மரபு. அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல், 1917ஆம் ஆண்டில், தமது இருபதாவது வயதில் அம்மரபை மீறினார். ‘மனானானின் அலைகள்’ என்பது அவருடைய சிறிய பியானோப் படைப்பு. இதில் வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை உள்ளங்கையாலும் முன்கையாலும் தாழ்சுருதிக் கட்டைகளை ஒருசேர அழுத்தும். மனானான், அயர்லாந்துத் தொன்மக் கதையில் பேரலைகளை எழுப்பும் தெய்வம்.

இது வெறும் இரைச்சல்தானா? இயற்பியலைக் கேட்போம். பியானோவின் தாழ்ந்த பகுதியில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் அதிர்வெண்கள் 32.7, 34.6 ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தொலித்தால், வேறுபாட்டிற்கேற்ப விநாடிக்கு ஏறத்தாழ 2 முறை ஒலி பெருகிக் குறையும். இதுவே ‘விம்மல்’. ஒரே வேளையில் பன்னிரண்டு கட்டைகள் ஒலித்தால் வெவ்வேறு வேக விம்மல்கள் கலக்கின்றன. கடலின் ஓயாத முழக்கம் காதில் விழுகிறது.

பியானோ எளிதில் கிட்டாத செஞ்சி போன்ற ஊர்களில், ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரு தாழ்சுருதிக் கட்டைகளை அழுத்திப் பாருங்கள். விம்மல் விரைவாக இருப்பதால், அது ஒருவகை நடுக்கமாகக் கேட்கும்.

கவல் 1956–57 உலகப் பயணத்தின்போது சென்னைக்கும் வந்தார். இங்கு கேட்ட இசையின் தாக்கத்தில் எழுதிய தமது 13ஆவது சிம்பொனிக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயரிட்டார். 1959இல் அது சென்னையிலேயே அரங்கேறியது. அதில் ஜலதரங்கத்திற்கும் இடமளித்திருந்தார். கடலைப் பியானோவில் எழுப்பியவர், நம் நீர்க்கிண்ணங்களிலும் இசையைக் கண்டார். இரைச்சல் என்று ஒதுக்குமுன், அதிர்வெண்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.