ஓர் எண் மாறினால் மின்முனையே மாறும்



தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவோம் அல்லவா? அதையே மின்னேற்றத்துக்குப் பொருத்தி, 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டீரும் ஒரு தாமதச் சுற்றை உருவாக்கினார்கள். பெயரும் 'பக்கெட் பிரிகேட்' தான். கிதார் கலைஞர்களின் எதிரொலிப் பெட்டிகள் பலவற்றில் இந்தச் சிப் இருந்தது.

ஜப்பானின் மட்சுஷிதா முதலில் செய்த எம்.என்.3000 வரிசை பி-சேனல் வகை. மைனஸ் 15 வோல்ட்டுக்கானது. பின்னால் வந்த 3200 வரிசை என்-சேனல். பிளஸ் 5 வோல்ட் போதும்.

3007, 3207 இரண்டிலும் 1024 படிகள், எட்டுக் கால்கள். நான்காம் காலுக்கு இரண்டிலுமே முழு மின்னழுத்தத்தில் 15இல் 14 பங்கு. ஆனால் மின்முனை நேரெதிர்! 'கிரவுண்ட்' எனப்படும் முதல் கால், 9 வோல்ட் பெடல்களில் 3007க்குப் பிளஸ்ஸில் இருக்கும்; 3207க்கு மைனஸில்.

ஆகவே பழைய சிப்பைச் சோதிக்கும் முன் அதன் மேலுள்ள எண்ணைப் படியுங்கள். 3207க்கு 15 வோல்ட் கொடுத்தால் அது தாங்காது. மட்சுஷிதா இவற்றைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. நகல்கள் கிடைக்கும், போன அசலை மறுபடி யாரும் செய்து தரமாட்டார்கள்.