ஆயிரம் மணி நேர விளக்கு

மின்விளக்கின் வரலாற்றை எழுதுவோர், எடிசன் 1879-ஆம் ஆண்டில் கரியிழை விளக்கை எரியச் செய்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், ஒரு விளக்கு எவ்வளவு காலம் எரிய வேண்டும் என்று முடிவு செய்தவர் யாவர் என்னும் வினா அவ்வரலாறுகளில் பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவிற்குரிய விடை ஜினீவா நகரில் கிடைக்கிறது.

1924-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், உலகின் பெரிய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் அந்நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், ஹங்கேரியின் துங்ஸ்ராம் முதலியவை அதில் சேர்ந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், பிற நாடுகளிலிருந்த தன் சார்பு நிறுவனங்களின் வாயிலாக இடம் பெற்றது. 'ஃபீபஸ்' என்பது அக்கூட்டின் பெயர். கிரேக்கரின் ஒளிக்கடவுளான அப்போலோவுக்கு வழங்கும் பெயர்களுள் அதுவும் ஒன்று.

உலகச் சந்தையைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டின் முதல் நோக்கம். குமிழின் ஆயுளை வரையறுப்பது மற்றொன்று. அக்காலத்துக் குமிழ்கள் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்தன. அதனை 1,000 மணி நேரமாக்க வேண்டுமென்று கூட்டினர் முடிவு செய்தனர். ஒவ்வோர் ஆலையும் தன் குமிழ்களின் மாதிரிகளைச் சுவிட்சர்லாந்திலிருந்த ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். வரம்பு கடந்து நீண்ட நாள் எரியும் குமிழ்களைச் செய்த ஆலை சுவிஸ் பிராங்கில் தண்டம் கட்ட வேண்டும். நன்றாக உழைக்கும் பொருளைச் செய்ததற்குத் தண்டனை என்பது தொழில் வரலாற்றில் ஒரு விந்தையே.

எனினும், கூட்டினர் கூறிய காரணத்தை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. டங்ஸ்டன் இழை எவ்வளவு சூடேறுகிறதோ, அதே மின்சாரத்தில் அவ்வளவு மிகுதியாக ஒளி தரும். ஆனால் அவ்வளவு விரைவில் ஆவியாகித் தேய்ந்தும் போகும். நெடுநாள் எரியும் குமிழ் மங்கலாக எரிந்து மின்சாரத்தை விழுங்கும். பிரிட்டனின் ஏகபோக ஆணைக்குழு 1951-ஆம் ஆண்டு அறிக்கையில் இதனை ஆராய்ந்து, ஆயுள், ஒளி, மின்செலவு ஆகியவற்றிடையே ஓர் இணக்கம் தேவை என்பதை ஒப்புக்கொண்டது. ஆயின், அந்த இணக்கத்தை வாங்குவோரைக் கேளாமல், விற்பனையால் ஊதியம் பெறுவோரே மறைவிற்கூடி வகுத்தனர் என்பதுதான் குறை. 1939-இல் மூண்ட உலகப்போர் அக்கூட்டைக் கலைத்தது. 1,000 மணி நேரம் என்னும் அளவு மட்டும் பல்லாண்டுகள் நிலைத்துவிட்டது.

பின்னர் இழையில்லா விளக்கு பிறந்தது. 1962-இல் நிக் ஹொலோனியாக் சிவப்பொளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். வெள்ளொளிக்கு வேண்டிய நீலவொளியைக் கண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் 2014-ஆம் ஆண்டு பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். இவ்விளக்கில் ஆவியாகித் தேயும் இழை இல்லை. ஆகவே, ஒளி வேண்டுமானால் ஆயுளைக் குறைத்தாக வேண்டும் என்ற பழைய வாதம் அதே வடிவில் இதற்குப் பொருந்தாது.

ஆயினும் எல்.இ.டி. விளக்குகளும் குப்பைக்குப் போகின்றன. ஒளிதரும் சில்லு பல்லாயிரம் மணி நேரம் உழைக்க வல்லது. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்றோ வெப்பத்தால் முன்னரே பழுதாகிவிடுகிறது. இரண்டும் பசையிட்டு ஒரே கூட்டுக்குள் மூடப்படுவதால், ஒரு சிறு உறுப்பின் பழுதுக்காக அலுமினியமும் செம்பும் நல்ல சில்லும் சேர்ந்தே எறியப்படுகின்றன.

இதற்கு ஐரோப்பாவில் இருவகை மாற்றுத் தேடப்பட்டது. ஒன்று சட்டம். 2021 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, விளக்கேந்தியினுள் அமைந்த ஒளிமூலத்தையும் மின்சீராக்கியையும், தக்க தொழில்நுட்பக் காரணம் இருந்தாலொழிய, பொதுக் கருவிகளைக் கொண்டு சேதமின்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆனால் குமிழையே பிரித்துப் பழுதுபார்க்க வகை செய்யவேண்டும் என்ற கடமையை அது விதிக்கவில்லை.

மற்றொன்று வணிகமுறை. கட்டடக் கலைஞர் தாமஸ் ராவ், தம் ஆம்ஸ்டர்டாம் அலுவலகத்திற்கு விளக்குகள் வேண்டா, ஒளி மட்டுமே வேண்டும் என்று பிலிப்ஸ் நிறுவனத்திடம் கேட்டார். 2015-இல் அந்நகரின் ஸ்கிபோல் விமான நிலையத்திலும் இம்முறை அறிவிக்கப்பட்டது. நிலையம் ஒளிக்குக் கட்டணம் செலுத்தும். விளக்குகள் நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும். எனவே அவை எளிதில் பழுதுபார்க்கத்தக்கனவாக, நெடுநாள் உழைப்பனவாக வடிவமைக்கப்பட்டன.

சுழற்சிப் பொருளாதாரம் என்று இக்காலத்தார் வழங்கும் கோட்பாட்டின் சாரம் இதுவே. ஃபீபஸ் கூட்டில் இடம் பெற்ற அதே பிலிப்ஸ், விளக்கு தன் உடைமையாக நின்றபோது அதன் நீண்ட ஆயுளை நாடியது. விஞ்ஞானம் விளக்கின் ஆயுளை எவ்வளவு நீட்டித் தந்தாலும், அது கெடுவதால் நட்டமடைபவர் யார் என்பதைப் பொறுத்தே அது எரியும் காலமும் அமைகிறது.