கடல்மயக்கம்: இப்னு சீனா முதல் திமிங்கலப் படகுகள் வரை

கடற்பயணத்தில் தலை சுற்றிக் குமட்டி வாந்தியெடுக்கும் நிலையைக் குறிக்க அரபு மொழியில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. ‘துவாருல் பஹ்ர்’ என்பது கடலின் தலைச்சுற்றல். அதற்கு ஆளானவரை ‘மாயித்’ என்பர். ‘மாத’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. அசைதல், ஆட்டங்காணுதல் என்பது அதன் பொருள். பூமி மனிதர்களோடு ஆட்டங்காணாதிருக்க மலைகள் நிலைநிறுத்தப்பட்டதைத் திருக்குர்ஆன் மூன்று இடங்களில் (16:15, 21:31, 31:10) கூறும்போது ஆளப்படுவதும் இதே வினைதான். கிரேக்கர்களோ கப்பலைக் குறிக்கும் ‘நவுஸ்’ என்ற சொல்லிலிருந்தே குமட்டலுக்குப் பெயரிட்டனர். கப்பல் தோன்றிய நாள்முதல் இந்நோயும் உடன் தோன்றியது என்பதற்கு மொழிகளே சாட்சி.

இன்று வணிகத்திற்காகவோ புனிதப் பயணத்திற்காகவோ கப்பலேறுவோர் அரிது. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களைக் காணப் படகேறுவோர் பெருகிவிட்டனர். 1955-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஒரு டாலர் கட்டணத்தில் தொடங்கிய திமிங்கலம் காணும் படகுச்சுற்றுலா, இன்று உலகின் பல கடற்கரைகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. இலங்கையின் மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலங்களையும், கற்பிட்டியில் ஓங்கில் கூட்டங்களையும் காணச் செல்வோர் பலர். அவர்களுள் கணிசமானோர் தாம் காண விரும்பிய உயிரினம் நீர்மட்டத்திற்கு வரும் வேளையில், தலை கவிழ்ந்து படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருப்பர். உடன் வந்தோர் நகைப்பதும், அவர் நாணுவதும் வழக்கம். இந்த நாணம் தேவையற்றது என்பதையும், முன்னோர் கண்ட தற்காப்பு முறைகளுள் எவை இன்றும் நிலைத்து நிற்கின்றன என்பதையும் வரலாற்றின் வழியே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலேறிய முதல் தலைமுறை

பாலைவெளியில் ஒட்டகத்தின் முதுகில் பயணம் செய்து பழகிய அரபு சமுதாயத்திற்குத் திறந்த கடலில் படை நடத்துவது புதிது. ஹிஜ்ரி 28-இல் (கி.பி. 649) முஆவியா (ரலி) அவர்களின் தலைமையில் சைப்ரஸ் தீவை நோக்கிப் புறப்பட்ட கடற்படையில் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணியும் இருந்தார். தம் சமுதாயத்தார் கடலில் பயணம் செய்வர் என நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தபோது, அவர்களுள் ஒருவராகத் தாமும் இருக்கப் பிரார்த்திக்குமாறு வேண்டியவர் அவர். சைப்ரஸில் கரையிறங்கிய பின் ஊர்தியிலிருந்து விழுந்து அவர் மறைந்தார். லார்னகா நகருக்கு அருகில் உப்பேரிக் கரையில் உள்ள அவரது அடக்கத்தலம் இன்றும் மக்கள் சென்று காணும் இடமாக விளங்குகிறது.

இதே உம்மு ஹராம் (ரலி) அவர்கள் வழியாகவே கடல்மயக்கம் பற்றிய நபிமொழி ஒன்று ஸுனன் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கடலில் மயக்கமுற்று வாந்தியெடுப்பவருக்கு ஒரு ஷஹீதின் நற்கூலியும், மூழ்கி இறப்பவருக்கு இரு ஷஹீதுகளின் நற்கூலியும் உண்டு என்பது அதன் கருத்து. போர்க்களத்தில் காயமுற்றவரை மதிப்பது எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவானது. எதிரியைக் காணும் முன்பே வயிறு புரண்டு விழுந்தவரையும் அந்த வரிசையில் சேர்த்து மதித்திருப்பது சிந்திக்கத்தக்கது. அவரது துன்பம் கோழைத்தனமாகவோ பலவீனமாகவோ கருதப்படவில்லை. மெய்யான துன்பமாகவே ஏற்கப்பட்டது.

சட்ட அறிஞர்களின் பார்வை

இந்த அணுகுமுறையின் தொடர்ச்சியை ஃபிக்ஹு நூல்களிலும் காணலாம். தொழுகையில் நிற்க இயன்றவர் நின்றே தொழ வேண்டும் என்பது பொது விதி. ஓடும் கப்பலில் இருப்பவரின் நிலை என்ன? நின்று தொழுவதே சிறந்தது. ஆயினும் காரணம் எதுவுமின்றி அமர்ந்து தொழுதாலும் அது செல்லும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கப்பலில் தலைச்சுற்றல் ஏற்படுவதே பெரும்பான்மை; பெரும்பான்மையாக நிகழ்வது நிகழ்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்பது ஹனஃபி அறிஞர்கள் இதற்குத் தரும் விளக்கம். அவருடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் இதில் மாறுபட்டு, உண்மையான காரணம் இருந்தாலன்றி அமர்ந்து தொழக்கூடாது என்றனர். ஆனால் தலைச்சுற்றல் அத்தகைய காரணமே என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை. தமிழகக் கடலோர முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும், கப்பற்பயணி தலைச்சுற்றலுக்கு அஞ்சினால் அமர்ந்து தொழலாம் என்பது தெளிவாக்கப்பட்டுள்ளது.

இவ்விவாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. கடல்மயக்கம் விதிவிலக்கான சிலருக்கு மட்டும் நேர்வதன்று, கடலேறுவோரின் பொதுநிலையே அதுதான் என்ற கணிப்பு இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் அடங்கியுள்ளது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அறிவியலும் இதையே கூறிற்று.

இப்னு சீனாவின் அறிவுரை

இப்னு சீனா (மறைவு கி.பி. 1037) தம் ‘அல்கானூன்’ நூலின் முதற்பகுதியில் பயணிகளுக்கான உடல்நல விதிகளை வகுத்தபோது, கடற்பயணிக்கெனத் தனியொரு சிறு அத்தியாயம் ஒதுக்கினார். பயணத்தின் முதல் நாள்களில் தலைச்சுற்றலும் குமட்டலும் வாந்தியும் வரும், பின்னர் தாமே தணியும் என்கிறார் அவர். தொடக்கத்திலேயே வாந்தியை வலிந்து நிறுத்தக்கூடாது. அளவு மீறினால் மட்டுமே நிறுத்த வேண்டும். வருமுன் காக்க முயல்வதில் தவறில்லை. அதற்காகச் சீமைமாதுளை, ஆப்பிள், மாதுளை ஆகிய பழங்களை உண்ணலாம். செலரி விதையை அருந்தினால் குமட்டல் எழாது, எழுந்தாலும் அடங்கும். வயிற்றின் வாய்ப்பகுதிக்கு வலுவூட்டும் புளிப்புணவுகளையும், காடி சேர்த்த பருப்பையும் அவர் பரிந்துரைக்கிறார். மூக்கின் உட்புறத்தில் ஈயவெள்ளை தடவவும் சொல்கிறார். ஈயம் நஞ்சென்று அறிந்த இக்காலத்தில் இந்த இறுதி யோசனையை எவரும் பின்பற்றலாகாது.

நோயின் இருப்பிடம் வயிறு என்றே இப்னு சீனா கொண்டார். காரணத்தில் பிழையிருப்பினும் அவதானிப்பில் பிழையில்லை. முதல் நாள்களில் வந்து பின் தணியும் என்ற கூற்று, உடல் இரண்டு மூன்று நாள்களில் அலைக்குப் பழகிவிடுகிறது என்ற இன்றைய அறிவோடு பொருந்துகிறது.

கி.பி. 1183-இல் ஹஜ்ஜுக்காக ஐதாபிலிருந்து ஜித்தாவுக்குச் செங்கடலைக் கடந்த இப்னு ஜுபைர், ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட ‘ஜல்பா’ என்னும் மரக்கலங்களில் ஹாஜிகள் ஒருவர்மேல் ஒருவராக அடைக்கப்பட்டதை வருந்தி எழுதினார். அத்தகைய நெரிசலில் ஒருவரின் குமட்டல் அனைவரின் துன்பமாகவும் ஆகியிருக்கும். மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பல் 1995 வரை சென்றது. அதில் பயணித்த நம் மூத்த தலைமுறையினர், இப்னு சீனா சொன்ன அந்த முதல் நாள்களை உடலால் அறிந்தவர்கள்.

வயிற்றிலிருந்து செவிக்கு

எல்லாருக்கும் இம்மயக்கம் பழகிவிடுவதில்லை. 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் புறப்பட்ட இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின், ஏறத்தாழ ஐந்தாண்டுப் பயணம் முழுவதும் கடல்மயக்கத்தால் அவதியுற்றார். தொடக்க நாள்களில் தம் வயிறு ஏற்றது பிஸ்கட்டும் உலர்திராட்சையும் மட்டுமே எனத் தந்தைக்கு எழுதினார். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனும் வாழ்நாளெல்லாம் இத்துன்பத்திலிருந்து மீளவில்லை.

நோயின் உண்மையான இருப்பிடம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் புலப்பட்டது. 1881-இல் ஜே. ஏ. இர்வின் என்ற மருத்துவர், கப்பல், வண்டி, ஊஞ்சல் அனைத்திலும் நேர்வது ஒரே நோயே என்று காட்டி அதற்கு ‘அசைவு நோய்’ எனப் பெயரிட்டு, உட்செவியைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டு அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், செவிப்புலனற்ற 519 பேரைச் சுழற்றியும் வினவியும் ஆராய்ந்தபோது, அவர்களுள் 186 பேருக்குத் தலைச்சுற்றல் சிறிதும் ஏற்படவில்லை. ஹார்வர்டு மாணவர் 200 பேரில் இவ்வாறு தப்பியவர் ஒருவரே.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக, வாஷிங்டனின் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த செவிப்புலனற்ற பதினோரு ஆடவர் சோதனைகளுக்கு உட்பட்டனர். நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் நடந்த சோதனையில் அவர்கள் அமைதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்க, ஆய்வாளர்களே நோயுற்றதால் சோதனையைக் கைவிட நேர்ந்தது.

உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த நுண்ணுறுப்புகளும் உடலின் அசைவை மூளைக்கு அறிவிக்கின்றன. கண் ஒன்றைக் கூறச் செவி வேறொன்றைக் கூறும்போது மூளை தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே குமட்டலாக வெளிப்படுகிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஆகவே கடல்மயக்கம் உட்செவி செவ்வனே இயங்குவதன் அடையாளம். அதற்கு ஆளாகாதவரைக் காட்டிலும் ஆளானவர் எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர்.

மருந்துகளின் பயணம்

இன்றைய முதன்மை மருந்துகளுள் ஒன்றான ஹயோசின், அரபு மருத்துவர்கள் ‘பன்ஜ்’ என அறிந்திருந்த செடியிலும் உள்ளது. அச்செடியின் விதையே நம் நாட்டு மருந்துக்கடைகளில் குரோசாணி ஓமம் எனப்படுவது. குராசான் நாட்டின் பெயர் அதில் ஒட்டியுள்ளது. நச்சுத்தன்மையுள்ள அவ்விதையை எவரும் தாமே உட்கொள்ளலாகாது. 1944-இல் நார்மண்டிக் கரைக்குக் கடல் கடந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஹயோசின் மாத்திரை வழங்கப்பட்டது. காதின் பின்புறம் ஒட்டும் பட்டையாக 1979-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஒவ்வாமைக்கான மருந்தாகச் சோதிக்கப்பட்ட டைமென்ஹைட்ரினேட், ஒரு பெண் நோயாளியின் வண்டிப்பயணக் குமட்டலைத் தற்செயலாக நீக்கியது. அதைத் தொடர்ந்து 1947-இல் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி சென்ற படைக்கப்பலில் அது சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. 1988-இல் வெளியான ஆய்வொன்றில், டென்மார்க் கடற்படைப் பயிற்சி மாணவர் 80 பேரிடம் ஒரு கிராம் இஞ்சித்தூள் வாந்தியைக் குறைத்தது தெரியவந்தது.

திமிங்கலப் படகில்

இவ்வரலாறு இன்றைய சுற்றுலாப் பயணிக்குச் சொல்வது என்ன? ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலெழுந்து தாழும் அசைவே மிகுதியாகக் குமட்டலூட்டும் என்று 1974-இல் வெளியான ஆய்வு காட்டியது. திமிங்கலம் அருகில் தோன்றியதும் படகு வேகம் தணிந்து அலைமேல் மிதக்கிறது. விரைந்து செல்கையில் தோன்றாத ஆட்டம் அப்போதுதான் தோன்றுகிறது. அதே கணத்தில் பயணி தொலைநோக்கியைக் கண்ணில் வைக்கிறார், அல்லது கைப்பேசித் திரையைக் குனிந்து பார்க்கிறார். கண்ணுக்கும் செவிக்கும் உள்ள முரண் உச்சமடைகிறது. திமிங்கலம் வரும் வேளையும் மயக்கம் வரும் வேளையும் ஒன்றாவது இதனாலேயே.

மேலும், பழங்காலப் பயணிக்கு உடல் பழகுவதற்கு நாள்கள் இருந்தன. நான்கு மணி நேரத்தில் கரை திரும்புபவருக்கு அந்த வாய்ப்பில்லை. எனவே இப்னு சீனா கூறிய முன்னேற்பாடே இவருக்கு முதன்மையானது. மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதில் பயன் குறைவு. புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே உட்கொள்ள வேண்டும். ஒட்டும் பட்டைக்குச் சில மணி நேரம் முன்னதாகவே இடம் தர வேண்டும். கண்ணழுத்த நோயும் சிறுநீர் அடைப்பும் உள்ளோர், முதியோர், கருவுற்றோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்தலாகாது. பட்டையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தொடுவதும் கூடாது.

வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை. ஆட்டம் குறைந்த படகின் நடுப்பகுதியில், எஞ்சின் புகை படாத இடத்தில், திறந்த காற்றில் அமர்வது நலம். குமட்டல் தொடங்கினால் கீழறைக்குச் செல்வது நோயை மிகுவிக்கும்; அங்கே கண்ணுக்கு அசைவு தெரியாது, செவிக்கோ தெரியும். தொலைநோக்கியைத் தாழ்த்தி, அசையாத தொடுவானத்தை நோக்கினால் கண்ணும் செவியும் மீண்டும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும். வாந்தி வந்தால் அடக்க வேண்டியதில்லை. இழந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகினால் போதும்.

உடனிருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. நகைப்பதை விடுத்து இடம்விட்டு, தண்ணீர் தந்து, தோளைத் தாங்குவதே அது. மயங்கியவருக்குத் தொழுகையில் அமர இடம் தந்த சட்ட அறிஞர்கள், அவரைத் தாழ்வாகக் கருதவில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.