யுதாகா ஒசாகி: பதினைந்து வயதின் கோபம்

1980களின் தொடக்கத்தில் பல ஜப்பானியப் பாடசாலைகள் மாணவரின் தலைமுடி நீளத்துக்கும் காலுறையின் நிறத்துக்கும்கூட விதி வைத்திருந்தன. ஆசிரியர் அடிப்பதும் மாணவர் யன்னல்களை உடைப்பதும் அடிக்கடி செய்தியாகின. அந்தக் காலத்து விடலைப் பையன்கள் தங்கள் குரலாக எடுத்துக்கொண்ட பாடகர் யுதாகா ஒசாகி.

1983 டிசம்பர் 1இல், 18ஆவது பிறந்தநாள் கழிந்து இரண்டே நாளில், அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள ‘பதினைந்தின் இரவு’ பாடலில் ஒரு சிறுவன் திருடிய மோட்டார் சைக்கிளில் ஓடிப்போகிறான். எங்கே போவதென்று அவனுக்கே தெரியாது.

ஒசாகியும் உயர்தரப் படிப்பை இடையில் விட்டவர்தான். 1984 மார்ச் 15இல் வகுப்புத் தோழர்கள் பாடசாலையிலிருந்து விடைபெற்ற அதே நாளில், டோக்கியோவின் ஷின்ஜுகுவில் தன் முதல் மேடை நிகழ்ச்சியை நடத்தினார். மறுவருடம் வந்த பாடலுக்கு ‘சொட்சுக்யோ’ என்று பெயர். படிப்பு முடித்து வெளியேறுதல் என்று பொருள்.

பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இரவில் பாடசாலை யன்னல்களை உடைப்பதைப் பாடினால் சுளிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் கடைசிவரை கேட்டால், அதில் வெற்றிக் களிப்பு இல்லை. பாடசாலையைத் தாண்டினாலும் வேறு பிடிகள் காத்திருக்கின்றன என்ற பயம்தான் மிஞ்சுகிறது. பையன்களைப் பிடித்து வைத்தது அந்தப் பயம் என்றே எனக்குப் படுகிறது.

1992 ஏப்ரல் 25இல், 26 வயதில், ஒசாகி இறந்தார். டோக்கியோ கொகொகுஜி விகாரையில் நடந்த இறுதிச் சடங்குக்கு மழையிலும் ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். ஷிபுயாவில் அவரது நினைவுச் சிற்பத்தைச் சுற்றி ரசிகர்கள் பேனாவால் எழுதி வந்திருக்கிறார்கள். அன்றைய பையன்களுக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது.