பழுதாகாத பெட்டியும் பழசாகும் பின்பக்கமும் - ஹோம் தியேட்டர் ரிசீவரின் கதை

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். ஒரு சொத்து இரண்டு விதமாக மதிப்பை இழக்கலாம். ஓடி ஓடித் தேய்ந்து போவது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைவிடப் புதியது வந்து வழக்கொழிந்து போவது இன்னொன்று. இரண்டாவதற்கு உதாரணம் கேட்டால் பலரும் தட்டச்சு இயந்திரத்தைச் சொல்வார்கள். அதைவிட நல்ல உதாரணம் பல வீடுகளில் டிவிக்குக் கீழே தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஹோம் தியேட்டர் ரிசீவர்!

காட்சி இப்படித்தான் ஆரம்பிக்கும். வீட்டுக்குப் புதிய 4கே டிவி வருகிறது. பழைய ரிசீவர் வழியாக இணைத்தால் படம் வரவில்லை, நேராக டிவியில் செருகினால் வருகிறது. "ரிசீவரையும் மாத்திடுங்க சார்" என்கிறார் கடைக்காரர். கையில் இருப்பதோ முப்பதாயிரம். கடையில் இருக்கும் பெட்டிகளின் மேல் எல்லாம் வாட் எண்ணும் விதவிதமான லோகோக்களும். எதை நம்பி வாங்குவது?

இதற்கு விளம்பரத்தைவிட வரலாறு நன்றாகப் பதில் சொல்லும். கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

மூன்று பெட்டி ஒன்றானது

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டில் நல்ல ஒலி கேட்க விரும்பியவர் மூன்று பெட்டிகள் வாங்க வேண்டும். வானொலியைப் பிடிக்க ட்யூனர், ஒலியைச் சீர்செய்ய ப்ரீ-ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கரை இயக்க பவர் ஆம்ப்ளிஃபயர். ஓரளவு தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் பொழுதுபோக்காகவே அது இருந்தது. 1953-ல் சிட்னி ஹார்மன், பெர்னார்ட் கார்டன் என்ற இருவர் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே 'ஃபெஸ்டிவல் டி1000' என்ற பெயரில் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றார்கள். வீட்டுக்கான ஹை-ஃபை ரிசீவரின் பிறப்பு இதுதான் என்பார்கள். வானொலி அலையை 'ரிசீவ்' செய்ததால் ரிசீவர். இன்று யாரும் அதில் வானொலி கேட்பதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1961-ல் அமெரிக்க அரசு எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தது. வியாபாரம் சூடு பிடித்தது. ஜப்பானிய நிறுவனங்களும் களத்தில் இறங்கின.

வாட் சண்டை

எழுபதுகளில் எல்லோரும் போட்டி போட்டது ஒரே ஒரு எண்ணுக்காக: வாட். ஒரே பெட்டியை ஒருவர் 50 வாட் என்பார், இன்னொருவர் அளவுகோலை மாற்றி 200 வாட் என்பார். பொய் அளவுக்கு மீறிப் போகவே, 1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் ட்ரேட் கமிஷன் தலையிட்டு, வாட் கணக்கை எப்படிச் சொல்ல வேண்டும் என்று விதியே போட்டது. அதன் பிறகும் போட்டி ஓயவில்லை. 1978-ல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட், எடை சுமார் 35 கிலோ!

நம்மூர்க்காரர்களுக்கும் இந்த நோய் புதிதல்ல. தொண்ணூறுகளில் சின்ன டேப்ரெக்கார்டர் மேல்கூட '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு நொடியில் சிறு துளி நேரம் எட்டக்கூடிய உச்சத்தைக் காட்டிச் சொல்லும் கணக்கு அது. தொடர்ந்து கிடைக்கும் சக்தி அதில் மிகச் சிறிய பங்குதான்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாகாது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவுதான். ஆனால் விலை அப்படிக் கொஞ்சமாகக் கூடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுபதுகளின் அந்த ரிசீவர்களில் பல இன்றும் ஓடுகின்றன. கெபாசிட்டர் மாற்றி, தூசி தட்டி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் என்ற பொருள் சீக்கிரம் சாவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சினிமா வீட்டுக்குள் நுழைகிறது

ரே டால்பி என்ற அமெரிக்கர் 1960களின் தொடக்கத்தில் ஐ.நா.வின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். 1965-ல் லண்டன் சென்று தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். டேப்பின் இரைச்சலைக் குறைப்பதில் ஆரம்பித்த அவருடைய நிறுவனம், பிறகு சினிமா ஒலிக்கு வந்தது. படச்சுருளின் இரண்டு ஒலித்தடங்களுக்குள்ளேயே நான்கு சேனல்களைக் கலந்து மறைத்து வைக்கும் வித்தைதான் டால்பி ஸ்டீரியோ. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' அதை உலகறியச் செய்தது.

அந்தப் படங்கள் வீடியோ கேசட்டாக வந்தபோது, கலந்து வைத்த ஒலியும் கூடவே வந்துவிட்டது. பிரித்தெடுக்க வீட்டில் ஒரு கருவி இருந்தால் போதும். 1982-ல் டால்பி சரவுண்ட் வந்து பின்பக்க ஒலியைப் பிரித்தது. 1987-ல் டால்பி ப்ரோ லாஜிக் வந்து, வசனம் வரும் நடு சேனலையும் தந்தது. இதோடு ரிசீவரின் ஜாதகமே மாறிவிட்டது. அதுவரை காதுக்கான பெட்டியாக மட்டும் இருந்தது, இப்போது படத்தோடு கட்டிப்போடப்பட்டது. படத்தின் தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் இதுவும் மாறியாக வேண்டும்!

1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு டால்பி டிஜிட்டல், 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். ஒலி தியேட்டருக்கு வந்தன. 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தது. 5.1 ஒலி வீட்டுக்கு வந்தேவிட்டது. ப்ரோ லாஜிக் ரிசீவரை ஆசை ஆசையாக வாங்கியவர்கள் பத்தே ஆண்டில் 'பழைய மாடல்காரர்கள்' ஆனார்கள்.

அதிலும் சிலர் தப்பித்தார்கள். அவர்களுடைய ரிசீவரின் பின்பக்கம் ஆறு சாதாரண ஆடியோ சாக்கெட்டுகள் இருந்தன. ஒலியைத் தானே பிரித்துத் தரும் டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கி ஆறு ஒயர்களைச் செருகினால் போதும், பழைய ரிசீவரே 5.1 ரிசீவர் ஆகிவிடும். மூளை வெளியில், தசை உள்ளே!

ஒரே கேபிள், ஓயாத தொல்லை

2002 டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.யை அறிவித்தன. படம், ஒலி இரண்டுக்கும் ஒரே கேபிள். ஒயர் காடு ஒழிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்:

- 2006: எச்.டி.எம்.ஐ. 1.3. ப்ளூரேயின் புதிய ஒலி வடிவங்களை அப்படியே ரிசீவருக்கு அனுப்ப இது வேண்டும்.
- 2009: எச்.டி.எம்.ஐ. 1.4. 3டி படத்துக்காக. டிவியின் ஒலியை அதே கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் 'ஆர்க்' வசதியும் இதில்தான் வந்தது.
- 2013: எச்.டி.எம்.ஐ. 2.0. 4கே படத்துக்காக. அதே சமயத்தில் எச்.டி.சி.பி. 2.2 என்ற புதிய காப்புரிமைப் பூட்டும் வந்தது.
- 2014: டால்பி அட்மாஸ் வீட்டுக்கு வந்தது. கூரையிலும் ஸ்பீக்கர் வேண்டுமாம்!
- 2017: எச்.டி.எம்.ஐ. 2.1. இன்னும் வேகம், கூடவே 'ஈ-ஆர்க்'.

3டிக்காக ரிசீவர் மாற்றியவர்களின் கதை என்ன ஆயிற்று? 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் 3டி டிவி தயாரிப்பதையே விட்டுவிட்டன. '4கே ரெடி' என்று நம்பி 2014 வாக்கில் வாங்கிய சிலரின் பெட்டியில் 2.0 இருந்தது, அந்தப் பூட்டின் சாவி இல்லை. அதனால் 4கே டிஸ்க் அதன் வழியாக முழுத் தரத்தில் ஓடாது. 2020-ல் 2.1 சாக்கெட்டோடு வந்த முதல் ரிசீவர்கள் சிலவற்றில் சிப்பிலேயே பிழை இருந்து, அந்த ஆண்டு வெளியான புதிய கேம் பெட்டியின் படம் சரியாகப் போகவில்லை. நிறுவனங்கள் பிறகு தனி அடாப்டர் கொடுத்தும் போர்டு மாற்றியும் சமாளித்தன. முதல் வரிசையில் நின்று வாங்கியவர்தான் அதிகம் செலவழித்தார், அதிகம் அலைந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயர் பகுதி என்ன ஆனது? பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 2002-ல் 80 வாட் கொடுத்தது 2014-லும் 80 வாட் கொடுத்தது.

விற்றவர்களும் தப்பவில்லை

ஓயாமல் மாடல் மாற்றியது தயாரிப்பாளர்களையாவது வாழ வைத்ததா? பயனியர் தன் வீட்டு ஒலிப் பிரிவை 2015-ல் ஆன்கியோவிடம் ஒப்படைத்து ஒதுங்கியது. 1946-ல் தொடங்கிய அந்த ஆன்கியோவே 2022-ல் திவாலானது. டெனான், மராண்ட்ஸ் பெயர்களை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட் நிறுவனத்தை 2022-ல் மாசிமோ என்ற மருத்துவக் கருவி நிறுவனம் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2025-ல் அதை விற்றபோது கிடைத்தது 35 கோடி டாலர். மூன்றே ஆண்டில் இவ்வளவு தேய்மானம்! வாங்கியவர் யார் தெரியுமா? சாம்சங்கின் கையில் இருக்கும் ஹார்மன். ஆமாம், 1954-ல் முதல் பெட்டியைச் செய்த அதே சிட்னி ஹார்மனின் பெயர்தான்.

குறைந்த பட்ஜெட்டுக்கு வரலாறு சொல்லும் யோசனை

ரிசீவர் என்பது இரண்டு ஆயுள் கொண்ட இரண்டு சொத்துகளை ஒரே பெட்டியில் வைத்து விற்பது. ஆம்ப்ளிஃபயர் இருபது ஆண்டு தாங்கும். டிஜிட்டல் போர்டு ஐந்தாறு ஆண்டில் பழசாகும். குறைந்த பணம் வைத்திருப்பவர் நீண்ட ஆயுள் உள்ளதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்கலாம். புதிய டிவியில் எல்லாவற்றையும் நேராகச் செருகி, ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்பினால் 4கே, 8கே கவலை ரிசீவருக்கு இல்லை. இரண்டிலும் ஆர்க் இருந்தால் அந்த ஒரே கேபிள் போதும். ஆர்க் இல்லாத பழைய ரிசீவரானால், டிவியில் ஆப்டிகல் சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கலாம். 1983-ல் தோஷிபா கொண்டுவந்த அந்த ஒளி கேபிளில் டால்பி டிஜிட்டல் 5.1 இன்றும் போகும். 4கே டிஸ்க் பிளேயர்கள் பலவற்றில் ஒலிக்கென்றே இரண்டாவது எச்.டி.எம்.ஐ. சாக்கெட் வைத்ததும் பழைய ரிசீவர்காரர்களை நினைத்துத்தான்.

பெட்டி உண்மையிலேயே பழுதாகி, மாற்றியே ஆக வேண்டுமென்றால், வந்து ஓரிரண்டு ஆண்டு ஆன மாடல் நல்லது. அதன் பிழைகளை வேறு யாரோ காசு கொடுத்துக் கண்டுபிடித்திருப்பார்கள். ஈ-ஆர்க் இருந்தால் அடுத்த டிவி மாற்றத்தையும் தாங்கும். ஸ்பீக்கர் ஐந்துதான் இருக்கிறது, கூரையில் ஓட்டை போடப் போவதில்லை என்றால் ஒன்பது சேனலுக்குக் காசு கொடுப்பது வீண். சாதாரண ஹாலுக்கு நேர்மையாகச் சொல்லப்பட்ட 50, 60 வாட் தாராளம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததா என்று பின்பக்கம் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நொடியில் முழுத் தேய்மானம்!

மிச்சமாகும் பணம் ஸ்பீக்கருக்குப் போகட்டும். 1978-ல் செய்த ஸ்பீக்கரை இன்றைய ரிசீவரில் மாட்டினாலும் பாடும், அதே இரண்டு ஒயர்தான். எழுபது ஆண்டுக் கதையில் சாக்கெட் மாறாத ஒரே பொருள் அதுதான்.