நாலு கட்டமும் நாலு நம்பரும்

செலாயாங்கில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. மோதிக்கொண்ட காரின் எண், கனவில் வந்த பாம்பு, இறந்தவரின் வீட்டு இலக்கம் என எல்லாமே நாலு நம்பராக மாறிவிடும். எண் புதிர் என்று நான் வாயெடுத்தால், “எந்த நம்பர்டா அடிக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு புதிர். அதிலும் கட்டம் உண்டு, எண் உண்டு. அதிர்ஷ்டம் மட்டும் கிடையாது. அதன் பெயர் காக்குரோ.

பெயர்தான் ஜப்பானியம், பிறப்பு வட அமெரிக்காவில். டெல் புதிர் இதழ்களில் வேலை பார்த்த ஜேக்கப் ஃபங்க் என்ற கனடாக்காரர், 1966இல் இதற்கு ‘கிராஸ் சம்ஸ்’ என்று பெயர் வைத்தார். பிறகு நிக்கோலி இதழின் மாக்கி காஜி இதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஜப்பானியத்தில் ‘கசான்’ என்றால் கூட்டல். ‘குரோசு’ என்பது கிராஸ். இரண்டும் சுருங்கிக் காக்குரோ ஆனது. சுடோகுவும் இதே வழியில் போனதுதான். 1979இல் டெல் இதழில் வந்து, ஜப்பானில் பெயர் மாறி, 2004இல் லண்டன் டைம்ஸில் இறங்கியது. மறு ஆண்டு கார்டியன் காக்குரோவையும் போட்டது. சொற்களால் ஆன குறுக்கெழுத்து இப்படிக் கடல் தாண்டாது. எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

விதி எளிது. குறுக்கெழுத்து மாதிரியே கட்டங்கள். குறிப்புக்குப் பதில் ஒரு கூட்டுத்தொகை. 1 முதல் 9 வரை நிரப்ப வேண்டும். ஒரே வரிசையில் ஓர் எண் இரண்டு முறை வரக்கூடாது. இரண்டு கட்டங்களில் 4 என்றால் 1, 3 மட்டும்தான். எது முதலில் என்று தெரியாது. மேலிருந்து கீழாக அதை வெட்டும் இரண்டு கட்டங்களின் தொகை 3 என்றால், அங்கே 1, 2. இரண்டுக்கும் பொதுவானது 1. ஆகவே வெட்டும் கட்டத்தில் 1. மற்ற இரண்டும் தானாக விழும். ஒரு குறிப்பு தனியாகச் சொல்லாததை இரண்டு குறிப்புகள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்பது கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனின் கேள்வியும்கூட. கணிதத்தில் அதைப் பிரிவினை என்பார்கள். 4ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 100க்குப் போனால் 19 கோடியைத் தாண்டும். 200க்கு 39,72,99,90,29,388, அதாவது ஏறக்குறைய நாலு லட்சம் கோடி. மக்மகோன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த இந்த விடையை, 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் வெளியிட்ட சூத்திரம் சரியாகத் தொட்டது. காக்குரோ இந்த வெள்ளத்துக்குக் கரை கட்டுகிறது. இத்தனை கட்டம், 9க்கு மேல் கூடாது, திரும்ப வரக்கூடாது. நாலு கட்டத்தில் 20 என்றால் 12 கூட்டங்கள் மிஞ்சும். 30 என்றால் ஒன்றே ஒன்று: 6, 7, 8, 9.

இப்போது நம்மூர் நாலு கட்டத்துக்கு வருவோம். என் பெரியப்பா பழைய முடிவுகளை நோட்டுப்புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். “நம்பருக்கு ஒரு போக்கு இருக்குடா” என்பார். அவருடைய பொறுமை எனக்கு இல்லை. ஆனால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களில், போன வாரத்து எண் இந்த வாரத்து எண்ணைக் கட்டுப்படுத்துவதே இல்லை. அங்கே எந்த வரிசையும் இன்னொன்றை வெட்டுவதில்லை. வெட்டாத இடத்தில் தர்க்கத்துக்குப் பிடிமானம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலரின் கணக்கு மூளை இப்படித்தான் கரைகிறது. அவர்களை முட்டாள்கள் என்று சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உழைப்பு உண்மையானது, உழுத நிலம்தான் தரிசு.

காக்குரோ சுலபம் என்றும் சொல்லமாட்டேன். எவ்வளவு பெரிதானாலும் எல்லாக் காக்குரோவையும் வேகமாகத் தீர்க்கும் வழி கணினிக்கும் இதுவரை இல்லை. அது என்பி-முழுமை வகைச் சிக்கல் என்று 2002இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாஹிரோ சேத்தா நிரூபித்தார். இருந்தாலும் ஒழுங்காகச் செய்த புதிருக்கு ஒரே விடைதான். தப்பினால் எங்கே தப்பினோம் என்று திரும்பிப்போய்ப் பார்க்கலாம். விரலை வைத்துக் காட்டலாம். நாலு நம்பரில் தோற்றவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குக் கிடைப்பது அடுத்த குலுக்கல் மட்டும்தான்.