மழைச் சீட்டு

இங்கே நியூ ஜெர்சியில் காலை ஒன்பதரை மணி, வெளியே நல்ல மழை. பேச்சுக்குப் பொருத்தம்தான்.

2001இல் எடிசனுக்கு வந்த மூன்றாவது வாரம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். "ரெயின் செக் வாங்கிக்கொள்ளலாமா?" என்றார். ஜன்னல் வழியே பார்த்தேன், வெயில் கொளுத்தியது. மழை இல்லையென்றால் வருவார் என்று எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம் எல்லாம் செய்து வைத்து மனைவியும் நானும் மூன்று மணிவரை காத்திருந்தோம். மழையும் வரவில்லை, அவரும் வரவில்லை.

இது பேஸ்பால் தந்த சொல். அந்த ஆட்டத்தின் பழைய களம் ஒன்று எங்களூருக்குப் பக்கத்திலேயே, ஹோபோக்கனில் இருந்தது. 1846 ஜூன் 19 அன்று அங்கே எலிசியன் ஃபீல்ட்ஸ் திடலில் நிக்கர்பாக்கர் அணி 23க்கு 1 என்று தோற்றது. அன்றைக்கு ஆட்டம் பார்க்கக் காசு கிடையாது. 1860களில் திடலைச் சுற்றி வேலி போட்டுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். வம்பும் தொடங்கியது. காசு கொடுத்தவன் பாதியில் மழை வந்தால் சும்மா போவானா? 1880களில் வந்த ஏற்பாடுதான் ரெயின் செக். நியூ ஆர்லியன்ஸின் அப்னர் பாவெல் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கிழித்துத் தரும் அடிக்கட்டை வேண்டுமானால் அவருடையதாக இருக்கலாம், சொல் அவருக்கு முந்தியது. ஐந்து இன்னிங்ஸ் முடியுமுன் மழை ஆட்டத்தைக் கலைத்தால், கையிலிருக்கும் துண்டுச் சீட்டைக் காட்டி இன்னொரு நாள் உள்ளே போகலாம். பிறகு கடைகளும் பிடித்துக்கொண்டன: தள்ளுபடிச் சரக்கு தீர்ந்துபோனால், அதே விலைக்குப் பின்னால் தருகிறோம் என்று ஒரு சீட்டு.

நான் நினைத்த வங்கிக் காசோலை அல்ல இந்த 'செக்'. செருப்பை விட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறோமே, அந்த டோக்கன் மாதிரி. சீட்டு வைத்திருப்பவருக்கு உரிமை, கொடுத்தவருக்குக் கடன். நாம் 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்வருகிறேன்' என்கிறோமே, அதில் பாதி உபசாரம். இதிலும் அப்படித்தான், பலர் நாசூக்காக மறுக்கவே சொல்கிறார்கள். யார் எதற்குச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது வந்தேறிக்குச் சுலபமில்லை.

நான் மறுப்பாகவே எடுத்துக்கொண்டேன். ஆறு வருடம் பக்கத்து மேசை. மறுபடி அழைக்கவே இல்லை. வேலை மாறி டெக்சாஸ் கிளம்பிய நாளில் கைகொடுத்துவிட்டு, "அந்தச் சாப்பாடு இன்னும் பாக்கி" என்றார்.

அடுத்த மாதம் டாலஸ் போகிறேன். அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.